தளவாய் வீட்டை விட்டு வெளியே போகவில்லை

முதல் பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கிய ஒரு வியாழக்கிழமை காலையில், ஆனைமடையில் மோட்டார் காயில் கட்டுகிற தளவாய் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டு, தன் வீட்டு முன்வாசல் படியிலிருந்து தெருவுக்குக் காலெடுத்து வைத்தான். வைத்த கால் தெருவில் படவில்லை, வீட்டுக்குப் பின்னால் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஈரச் சிமிண்டுத் தரையில் பட்டது. அங்கே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த தங்கை பகவதி நிமிர்ந்து பார்த்து, "என்னண்ணே, எதையாச்சும் மறந்துட்டியா?" என்று கேட்டாள். அவன் வீட்டுக்குள் நுழைந்து மறுபடியும் முன்வாசலுக்குப் போனான், மறுபடியும் படியிறங்கினான், மறுபடியும் துவைகல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மூன்றாவது தடவை ஓடிப்போய்க் குதித்தான். குதித்த வேகத்தில் பகவதி கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்கள்மேல் வந்து விழுந்தான். கொல்லைக் கதவு வழியாகச் சந்தில் இறங்கினால் முன்கூடத்தில் வந்து நின்றான், மதிலேறிக் குதித்தால் குளியலறைக்குள் இறங்கினான், அந்த வீட்டுக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் மத்தியானத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சோறு கேட்டான். பகவதி போட்டாள்.

ஊரில் யாரும் அதிகம் ஆச்சரியப்படவில்லை. ஏனென்றால் அதற்குள் பத்திரிகையை எல்லோரும் படித்து முடித்திருந்தார்கள். நாற்பத்திரண்டு வாரமாக அதில் 'நனைந்த வேட்டி' என்ற தொடர்கதை வந்துகொண்டிருந்தது; வியாழக்கிழமை வந்தால் பீடி சுற்றுகிற பெண்கள் ஒருத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்துச் சுற்றுவார்கள், சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார், அப்படியொரு வேகம் அந்தக் கதைக்கு. எழுதியவள் நவநீதம் என்று ஒரு கோர்ட்டு டைப்பிஸ்ட். பெயர்களை மாற்றியிருந்தாளே தவிர, அது தளவாயின் வழக்குதான் என்பது ஆனைமடையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

வழக்கு இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் தளவாயின் மனைவி உலகம்மாளைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், போகக் கூடாது என்று தளவாய் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அடி விழுகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கிணற்றடியில் நடந்ததைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அன்று சாயங்காலம் அவன் எங்கே இருந்தான் என்பதைச் சொல்லக்கூடியவள் அவன் தங்கை ஒருத்திதான். கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில் பெற்ற தாய் பகவதியின் காலைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணனைத் தூக்குல போட்ருவாவ தாயி. செத்தவ திரும்பி வரப் போறாளா?" என்று அழுதாள். பகவதிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் கூண்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அண்ணன் அன்னைக்கு வீட்டை விட்டு வெளியவே போகல."

தளவாய் விடுதலையானான். உலகம்மாள் தானாகவே விழுந்தாள் என்று ஆயிற்று. எட்டு மாதமாய் இருந்தபோது தாயை இழந்த பெண் குழந்தையை உலகம்மாளின் அக்கா தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் நவநீதத்தின் கதையில், தங்கை கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னாள். அண்ணன் கழுத்துவரை நனைந்து வந்தான் என்றாள், அந்த வேட்டியை நான்தான் பிழிந்து போட்டேன் என்றாள். அந்த வியாழக்கிழமை வந்த கடைசி அத்தியாயத்தில் நீதிபதி ஆயுள் தண்டனை எழுதிவிட்டு எழுந்து போனார்.

"கோர்ட்டு விட்டுட்டு, கதை பிடிச்சிட்டு," என்றார் சலூன்காரர். ஊருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

இருந்தாலும் ஒரு முயற்சி செய்து பார்க்காமல் விட்டால் நன்றாக இருக்காது என்று நாலு பேர் வந்து தளவாயைக் கட்டிலில் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். நாலு பேரும் கட்டிலும் கயிறும் தெருவுக்கு வந்தன, தளவாய் அடுப்பங்கரையில் கிடந்தான். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கவில்லை, ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். பழுதான மோட்டார்களை வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டு வந்தார்கள். சலூன்காரர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து முடி வெட்டினார். தேர்தலில் இரண்டு தடவை அவன் ஓட்டு விழாமல் போனது, மூன்றாவது தடவை கிராம அதிகாரி எங்கோ எழுதிப் போட்டுத் தபால் ஓட்டு வாங்கித் தந்தார். கணக்கெடுக்க வந்த ஆள், "வீட்டில் நிரந்தரமாக வசிப்பவரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் கேட்டான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் தளவாய் விளையாட்டு என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், அதில் கோட்டைத் தாண்டுகிறவன் தோற்றவன். பெண்கள், அசையாத மாட்டையும் திறக்காத டப்பாவையும் தளவாய் என்று வைதார்கள். தாய் செத்தபோது தளவாய் கொள்ளிச்சட்டியை வாசல்வரை தூக்கிவந்து பகவதியின் கையில் கொடுத்தான். பெண் சுடுகாட்டுக்குப் போகலாமா என்று கேட்க வேண்டிய பெரியவர்கள், வேறு வழி என்ன இருக்கிறது என்று முன்னால் நடந்தார்கள்.

பகவதிக்குக் கதவு திறந்துதான் இருந்தது. கடைக்குப் போவாள், கோவிலுக்குப் போவாள், ஒருமுறை குற்றாலத்துக்கும் போய்வந்தாள். ஆனால் போன இடமெல்லாம் அடுத்த வேளைச் சோறு அவளைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்தது. மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், காபி குடித்தார்கள், பெண் பிடித்திருக்கிறது என்றார்கள், கூடத்து நாற்காலியைப் பார்த்தார்கள், "நீங்க வந்துட்டா இவாளை ஆரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். நாலாவதாக யாரும் வரவில்லை. இதெல்லாம்கூட அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். தெருவில் இறங்கினால் எதிரே வருகிற ஒவ்வொருவரும், குடம் தூக்கி வருகிறவளும் சைக்கிளில் போகிறவனும், மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்பார்கள்: "அண்ணாச்சி வீட்லதானே?"

"வீட்லதான்," என்பாள் பகவதி.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இருபது தடவை. கேட்டவர்களுக்கு அது நலம் விசாரிப்பு. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் கூண்டுக் கம்பியின் குளிர்ச்சி வந்து போனது.

இப்படியே இருபத்தைந்து வருஷம் போயிற்று.

அந்த வருஷம் கிளை நூலகத்தில் வாசகர் வட்டத்தார் கூடி, 'நனைந்த வேட்டி' வந்து இருபத்தைந்து ஆண்டு ஆவதால் அதைத் திரும்பிப் பார்க்க ஒரு கூட்டம் நடத்துவது என்றும், எழுபது வயதைத் தாண்டிவிட்ட நவநீதத்தை அழைப்பது என்றும் முடிவு செய்தார்கள். நூலகர் பீர்முகம்மது அழைப்பிதழோடு பகவதியின் வீட்டுக்கு வந்தார்.

"நீங்களும் வரணும்க்கா. கதையில வர்ற ஆளு நீங்க. நீங்க இல்லாம எப்படி?"

"நான் அதைப் படிச்சதே இல்லையே தம்பி."

பீர்முகம்மது அவளை ஒருமாதிரி பார்த்தார். ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் இரண்டு தடவையாவது படித்த புத்தகம் அது. நூலகத்துப் பிரதிகளில் ஆறு கிழிந்து, ஏழாவதற்கு அவரே பைண்டு போட்டிருந்தார். "அப்ப வந்து படிங்க. வெளிய குடுக்க மாட்டேன், இருக்கிறது ஒண்ணுதான்," என்றார்.

பகவதி மூன்று நாள் காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய், செய்தித்தாள் படிக்கிற ஆண்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். அவளுக்கு எல்லாமே முன்னமே தெரிந்திருந்தது, இருபத்தைந்து வருஷமாக ஊர் துண்டு துண்டாக அவளுக்குச் சொல்லிக்கொண்டுதானே இருந்தது. ஆனாலும் கதை அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. அதில் வருகிற தங்கை அவளைப் போலவே பயந்தாள், அவளைப் போலவே தாயின் கையைக் காலிலிருந்து பிரித்தாள். அந்தத் தங்கை கூண்டுப் படியில் ஏறும்போது பகவதி பக்கத்தைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டாள். சொல்லிராத தாயி, சொல்லிராத என்று ஒரு மனசும், சொல்லு, சொல்லித் தொலை என்று ஒரு மனசும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டன. அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பகவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்துக்கு வந்தாள். நீதிபதி தீர்ப்பு எழுதினார். போலீஸார் அண்ணனை வேனில் ஏற்றினார்கள். வேன் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனது. கதை முடிந்தது.

அவள் கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் படித்தாள். முன்னால் புரட்டித் தேடினாள். வீடு என்று எங்கேயும் இல்லை. வெளியே போக முடியாது என்று எங்கேயும் இல்லை. நவநீதம் அவனை ஜெயிலுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

அப்படியானால் வீடு யாருடைய வார்த்தை?

பெஞ்சில் பக்கத்திலிருந்தவர், "என்னம்மா, ஒருமாதிரி இருக்கு, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். பகவதிக்கு அது காதில் விழவில்லை. அண்ணன் வீட்டை விட்டு வெளியவே போகல. அவள் சொன்னதுதான். கதை வந்து நியாயத்தை எழுதியதும், அவளுடைய பொய்க்கு ஒளிந்துகொள்ள வேறு இடமில்லாமல், அது மெய்யாகப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் தினமும் இருபது தடவை, வீட்லதான், வீட்லதான் என்று அவளே அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் இன்னொன்றையும் யோசித்தாள். சொன்ன சொல்லை நாலு பேர் முன்னால் திருப்பி எடுத்தால் கதவு திறந்துவிடும். விடுதலையான வழக்கில் அவனைத் திரும்பவும் பிடிக்க முடியாது என்று வக்கீல் அப்போதே சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் அவன் காற்றாட வெளியே நடப்பான். பொய்யிலேயே இருந்தால் அவன் உள்ளே கிடப்பான். உலகம்மாளுக்கு அவளால் செய்ய முடிந்தது பொய்யில் இருப்பதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

கூட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது, நரைத்த தளவாய் நாற்காலியிலிருந்து கேட்டான்.

"அந்த டைப்படிக்கிற பொம்பள வாரால்லா?"

"வாரா."

"கதையை மாத்தி எழுதச் சொல்லு. நிரபராதியைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கா. பாவம்லா அது?"

பகவதி அவனைப் பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் அதை நம்பவே ஆரம்பித்திருந்தான்.

"சோறு அடுக்களையில இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நூலகத்துக் கூடம் நிறைந்து, ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். நவநீதம் சிறிய உருவம், தடித்த கண்ணாடி. பகவதியை உடனே அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு நீ 'போகல'ன்னு சொன்ன உடனே அதை அடிக்க என் விரல் வரல. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். அடிச்சுட்டேன். அடிச்சதுல இருந்து ஒரு வருஷம் தூக்கமில்ல, அப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணனை நான் கட்டிப்போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுறாங்க. சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"நீங்க கட்டிப்போடல," என்றாள் பகவதி.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். கதையின் வேகத்தைப் பற்றி ஆசிரியர் ஒருவர் பேசினார். குடும்பம் பெரிதா நியாயம் பெரிதா என்று வாசகர் வட்டச் செயலாளர் நீளமாகக் கேட்டு அவரே பதிலும் சொன்னார். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பதை நெருங்குகிற வயது, கறுத்த மேனி, பருத்திப் புடவை, தோளில் பை.

"எம் பேரு செண்பகம். தென்காசில நர்ஸா இருக்கேன்," என்றாள். "இந்தக் கதையில கிணத்துல செத்துப்போறவளோட மக நான்தான்."

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"பதினேழு வயசுல படிச்சேன். எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, எனக்குப் பிடிக்கல. அதுல வர்ற தங்கச்சி உண்மையைச் சொல்லுதா. அது கதை. நிஜத்துல என் அத்தை கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்காங்க, எங்கப்பா வீட்டுலதான் இருந்தாருன்னு. அப்ப எங்கம்மா தானாத்தானே விழுந்திருக்கணும்? எட்டு மாசப் பிள்ளை கிடக்கேன்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாத்திருந்தா..." பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் யாருக்கும் பாரமா இருந்துரக் கூடாதுன்னே வளர்ந்துட்டேன். பெத்தவளுக்கே வேண்டாத பிள்ளைதானே. கதையா இருந்தாலும் பொய்யா ஆறுதல் சொல்லாதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உட்கார்ந்துவிட்டாள்.

பகவதி இத்தனை வருஷமும் அடைபட்டிருப்பது இரண்டு பேர் என்றுதான் நினைத்திருந்தாள். மூன்றாவதாக ஒருத்தி தென்காசியில், எட்டு மாதத்திலிருந்தே, அதே வாக்கியத்துக்குள் அடைபட்டு வளர்ந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எழுந்ததை அவளே அறியவில்லை. பீர்முகம்மது மைக்கை நீட்டினார், அவள் வாங்கவில்லை.

"நான் கதையைப் பத்திப் பேச வரல," என்றாள். "அண்ணன் அன்னைக்கு வெளியே போனான்."

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் தலையை உள்ளே நீட்டினார்கள்.

"விளக்கு வைக்கிறதுக்கு முந்தி போனான். வரும்போது கழுத்துவரைக்கும் நனைஞ்சிருந்தான். கேட்டேன். வாய்க்கால்ல கால் வழுக்கிட்டுன்னான். வேட்டியை நான்தான் பிழிஞ்சு போட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஊரெல்லாம் தோட்டத்துக்கு ஓடுச்சு. கோர்ட்டுல நான் சொன்னது பொய்." அவள் கூட்டத்தை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "செண்பகம், உங்கம்மா விழப் போகல. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. கிணத்தடியில உன் சட்டையும் துண்டும் காயப் போட்டிருந்துச்சு. உன்னை என் மடியில போட்டுட்டு, 'பிள்ளையைப் பாத்துக்கிடு, நனையுமுன்ன எடுத்துட்டு ஓடியாறேன்'னா. ஓடியாறேன்னு சொல்லிட்டுத்தான் போனா. அவளுக்குப் பின்னாலயே அண்ணன் போனான்."

செண்பகம் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண்ணைத் திட்டுவதா கேட்பதா என்று தெரியாதவள் போல வாயைத் திறந்து மூடினாள். நவநீதம் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

அப்போது தெருவில் சைக்கிள்கள் நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தபடியே வழிவிட்டார்கள். கைலியும் பனியனுமாக, மூச்சு வாங்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தளவாய் வந்து நூலகத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப் படியில் உட்காரப் போனவன், கொல்லைக் கதவைத் தாண்டி வைத்த கால் எப்போதும்போல முன்கூடத்துக்கு வந்துசேராமல் சந்திலேயே நின்றதைக் கண்டு, நாலு தெருவும் ஓடி வந்திருந்தான். உள்ளே பேசியது ஜன்னலில் நின்றவர்கள் வாயிலிருந்து அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"பொய்!" என்று கத்தினான். "அவ சொல்லுதது அம்புட்டும் பொய். நான் அன்னைக்கு வீட்டை விட்டு வெளியவே போகல!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் காலைப் பார்த்தார்கள். இருபத்தைந்து வருஷமாக மண் படாமல் வெளுத்துக் குழந்தைப் பாதம்போல் ஆகிவிட்ட அந்தக் கால்கள், தார் ரோட்டில் ஓடி வந்து கொப்புளித்து, நூலகத்துப் படியில் நின்றன. தளவாயும் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகு நிமிரவில்லை.

நினைவு தெரிந்து செண்பகம் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பதினேழு வயதிலிருந்து அவனிடம் கேட்பதற்கென்று எதையெல்லாமோ சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றையும் கேட்கவில்லை. பகவதியிடம் வந்தாள்.

"அந்தக் கிணறு எங்க இருக்கு?"

"தூர்த்துட்டாவம்மா. மேல தென்னை நிக்கி."

"பரவால்ல. காட்டுங்க."

தளவாயை அதற்கப்புறம் யாரும் தடுக்கவில்லை. சட்டம் அவனை எப்போதோ விட்டுவிட்டது, வாசலும் விட்டுவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனான், குளத்தங்கரைக்குப் போனான், டீக்கடையில் போய் நின்றான். டீ கொடுத்தார்கள். ஆனால் அவன் வந்தால் பேச்சு நின்றது, போனால் தொடர்ந்தது, பழுதான மோட்டார்கள் வண்டியேறிச் சுரண்டைக் கடைகளுக்குப் போயின. கொஞ்ச மாதத்தில், திறந்து கிடக்கிற வீட்டுக்குள் அவனாகவே நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தான் என்பார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று மத்தியானம் இரண்டு பெண்களும் வெயிலில் தோட்டத்துப் பாதையில் நடந்தார்கள். வழியில் செண்பகம், "நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம் அத்தை," என்றாள். "சொல்லியிருக்கலாம்," என்றாள் பகவதி. பாதை வாய்க்காலோரமாகத் திரும்பிய இடத்தில் செண்பகம் கேட்க ஆரம்பித்தாள். அம்மா உயரமா, குட்டையா? சிரித்தால் சத்தம் வருமா? காப்பியா, கருப்பட்டித் தண்ணியா? பாடுவாங்களா? பகவதி ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்து, தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள், ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

பகவதி நின்றுவிட்டாள். "உனக்குப் பேரு வச்சிருந்தாலும் அவ அதைச் சொல்ல மாட்டா. நீ கறுப்பா, குண்டா இருப்ப. 'ஏ கருவண்டு'ம்பா."

"எப்படி? அவங்க கூப்பிடுற மாதிரியே சொல்லுங்க."

பகவதி சுற்றுமுற்றும் பார்த்தாள். அறுத்த வயலில் ஒருவருமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, உலகம்மாள் அடுக்களையிலிருந்து கொல்லைக்குக் குரல் கொடுப்பதுபோல, கடைசி எழுத்தை இழுத்து, உரக்கக் கூப்பிட்டாள்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, செண்பகம், "என்னம்மா?" என்றாள்.